வரைந்த ஸ்கூட்டரை விற்கலாமா? கம்பெனிப் பொருள்களை வரையும் ஓவியர்களுக்கு

நான் இயந்திரங்களை வரைகிறவள். பழைய டைப்ரைட்டர், தையல் மெஷின், ஃபிலிம் கேமரா, ஸ்கூட்டர் இவைதான் என் வாட்டர்கலர் தாளில் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். அசல் ஓவியங்களையும் அவற்றின் பிரிண்ட்களையும் விற்றுத்தான் பதினோரு வருடமாக வாழ்கிறேன். புதிதாக விற்பனைக்கு வரும் ஓவியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அக்கா, கம்பெனி பேர் தெரியிற மாதிரி வரைஞ்சு வித்தா கேஸ் போடுவாங்களா?"

பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல. தாளில் வரைந்த ஸ்கூட்டரால் மட்டும் வம்பு வருவது குறைவு. அதை எந்தப் பொருளின் மேல் அச்சடிக்கிறீர்கள், என்ன வார்த்தை போட்டு விற்கிறீர்கள், யார் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள், இந்த மூன்று வழியாகத்தான் வம்பு உள்ளே நுழைகிறது. இவற்றில் இரண்டில் நானே மாட்டியிருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வாங்குபவர் இருக்கும் நாட்டின் சட்டமும் உங்களைத் தொடலாம். பெரிய அளவில் அச்சடிப்பதற்கு முன் அறிவுசார் சொத்து வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஸ்கூட்டரில் எத்தனை உரிமை?

முன்பக்க பேட்ஜும் அதில் பெயர் எழுதியிருக்கும் விதமும் டிரேட்மார்க், அதாவது இது யாருடைய சரக்கு என்று காட்டும் அடையாளம். உடம்பின் வளைவும் ஹெட்லைட் அமைப்பும் டிசைனாகப் பதிவாகியிருக்கலாம். விளம்பரத்துக்கு எடுத்த போட்டோவுக்கும் பக்கவாட்டில் ஒட்டிய சித்திரத்துக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு. தமிழில் பேசும்போது புதிய கண்டுபிடிப்புக்கான பேடண்டையும் சேர்த்து இவை எல்லாவற்றையும் "காப்புரிமை" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றுக்கும் ஆயுள் வேறு. டிரேட்மார்க்கைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு முடிவு கிடையாது. டிசைன் பதிவுக்குக் கெடு உண்டு: இந்தியாவில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. அமெரிக்காவில் இதற்கு டிசைன் பேடண்ட் என்று பெயர், வழங்கிய நாளிலிருந்து 15. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 25. பதிப்புரிமை படைத்தவரின் காலத்துக்குப் பிறகும் நீளும்: பொதுவாக இந்தியாவில் 60 வருடம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 70. ஆகவே 1950களின் தையல் மெஷினை வரையும்போது அதன் வடிவத்துக்கான பதிவு எப்போதோ காலாவதியாகியிருக்கும். அதன் கையில் எழுதியிருக்கும் பெயர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

படத்துக்குள் இருக்கும் சின்னமும் பொருளை விற்கும் சின்னமும்

டிரேட்மார்க் விஷயத்தில் முதலில் பார்க்கப்படுவது இதுதான்: வாங்குபவர் இது அந்தக் கம்பெனியின் சரக்கு, அல்லது அந்தக் கம்பெனி சம்மதித்து வெளிவந்த சரக்கு என்று நினைத்துவிடுவாரா? நீங்கள் வரைந்ததா, எவ்வளவு நேரம் உழைத்தீர்கள், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜன்னலோரம் தூசி படிந்து நிற்கும் ஒரு தையல் மெஷினை வரைந்திருந்தேன். அதன் கையில் தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர், மாலை வெயில் பட்டுப் பாதி மங்கி. அசல் விற்றது, பிரிண்ட்களும் விற்றன, யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்தத் தங்க எழுத்தையும் கீழே இருந்த சின்னத்தையும் மட்டும் ஓவியத்திலிருந்து வெட்டியெடுத்து, பெரிதாக்கி, மக்கிலும் டீ-ஷர்ட்டிலும் போட்டேன். என் கையால் வரைந்ததுதானே என்று முழுமையாக நம்பினேன். ஆறு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் ஓவியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மக், டீ-ஷர்ட், அவ்வளவுதான்.

பதிவேட்டைப் பார்த்தபோது விளங்கியது. பெரும்பாலான நாடுகள் நீஸ் வகைப்பாடு என்ற ஒரே முறையில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து டிரேட்மார்க் பதிகின்றன. தையல் மெஷின் 7ஆம் வகுப்பு, வாகனம் 12, அச்சுப் படங்கள் 16, கோப்பைகள் 21, உடைகள் 25, பொம்மைகள் 28. அந்தக் கம்பெனி 7ஆம் வகுப்போடு நிற்கவில்லை, 21லும் 25லும் பதிந்து வைத்திருந்தது. அதாவது அவர்களே மக்கும் டீ-ஷர்ட்டும் விற்கிறார்கள். நான் அவர்கள் கடை வாசலிலேயே அவர்கள் பெயரைப் போட்டு இன்னொரு கடை விரித்திருக்கிறேன். அவர்கள் கோபப்பட்டது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தத் தேடலை அச்சடிப்பதற்கு முன்பே செய்யுங்கள். வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், டிஎம்வியூ என்ற இரண்டு தேடல் தளங்களும் இலவசம். பெயரைப் போட்டால் எந்த நாட்டில், எந்த வகுப்பில், யார் பெயரில் பதிவு, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது வரும். ஒரு எச்சரிக்கை: ஊரறிந்த பெரிய பிராண்டுகளுக்குப் பல நாடுகளில் வகுப்பைத் தாண்டியும் பாதுகாப்பு உண்டு. "25இல் பதியவில்லை, ஆகவே டீ-ஷர்ட் போடலாம்" என்று அங்கே கணக்குப் போட முடியாது.

ஓவியத்துக்கும் மக்குக்கும் நடுவே இருக்கும் இந்தக் கோட்டைத் தெளிவாகக் காட்டும் வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டேனியல் மூர் என்ற ஓவியர் 1979 முதல் அலபாமா பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை வரைந்துவந்தார். ஓவியத்தில் வரும் சீருடைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று பல்கலைக்கழகம் 2005இல் வழக்குப் போட்டது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓவியம், பிரிண்ட், காலண்டர் மூன்றிலும் மூர் பக்கம் நின்றது. மக் முதலான சாதாரணப் பொருள்களுக்கு மட்டும் அதே பதிலைச் சொல்லாமல், மேலும் விசாரிக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வரைந்தவர் ஒருவரே, படமும் அதேதான். எதன்மேல் அச்சாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

2023இல் இந்தக் கோடு இன்னும் அழுத்தமானது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டிலைக் கேலி செய்யும் நாய் பொம்மை வழக்கில், இன்னொருவரின் முத்திரையை உங்கள் சொந்தச் சரக்கின் பெயர்போலப் பயன்படுத்தினால் கலை வெளிப்பாட்டுக்கான தனிச் சலுகை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதே வருடம், ஹெர்மெஸ் கம்பெனியின் பிர்கின் கைப்பையின் படங்களை "மெட்டாபிர்கின்ஸ்" என்ற பெயரில் டிஜிட்டலாக விற்ற கலைஞரை 1,33,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஜூரி. பையை வரைந்தது ஒரு பக்கம். அந்தப் பெயரையே தன் விற்பனைப் பெயராக்கியது இன்னொரு பக்கம். கெடுத்தது இரண்டாவது.

கலைஞர்கள் ஜெயித்த கதைகளும் உண்டு. டாம் ஃபோர்சைத், பார்பி பொம்மையைப் பழைய சமையலறைச் சாமான்களுக்கு நடுவே வைத்து 78 போட்டோக்கள் எடுத்தார். பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டது. 2003இல் மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார், பிறகு 18 லட்சம் டாலருக்கு மேல் வழக்குச் செலவு கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவானது. நெதர்லாந்தில் நாடியா பிளெஸ்னர் தன் ஓவியத்தில் லூயி விட்டான் கைப்பையை வரைந்ததற்கு 2011இல் நாளொன்றுக்கு 5,000 யூரோ அபராதத்தோடு தடை வந்தது. சில மாதங்களில் ஹேக் நீதிமன்றம் அதை நீக்கியது. இந்த இரண்டையும் படித்துத் தெம்பு பெறுங்கள், ஆனால் ஃபோர்சைத் வழக்கு 1999இல் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு. நான்கு வருடம் தாங்கி நிற்பது வேறு.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962இல் 32 கேன்வாஸ்களில் கேம்ப்பெல் சூப் டப்பாக்களை வரைந்து காட்டினாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் கேட்பார்கள். உண்மை, 1964இல் அந்தக் கம்பெனி அதிகாரி அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதி, தக்காளி சூப்பும் அனுப்பிவைத்தார். அது அந்தக் கம்பெனி அன்று எடுத்த முடிவு. இன்னொரு கம்பெனி இன்று அப்படியே நடந்துகொள்ளும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

பேட்ஜை அழித்துவிட்டு வரையலாமா என்றால், நான் அழிப்பதில்லை. ஸ்கூட்டரின் முகத்தில் பேட்ஜ் இருப்பது நிஜம், அதை அழித்தால் முகத்தில் ஒரு ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். நான் பார்ப்பது அளவும் இடமும். வெளிச்சம், சுவர், தரை, ஸ்கூட்டர் என்று பார்வை சுற்றி வரும்போது வழியில் ஒரு விவரமாகப் பேட்ஜ் வந்தால் சரி. படத்தில் பேட்ஜைத் தவிர பார்க்க வேறொன்றும் இல்லையென்றால் அது லோகோவின் நகல்தான், வாட்டர்கலரில் செய்ததாக இருந்தாலும்.

வடிவத்துக்கும் உரிமை உண்டா?

பெயரே இல்லாமல் வரைந்தாலும் சில வடிவங்களே டிரேட்மார்க். கோகோ-கோலா பாட்டிலின் இடுப்பு வளைவு, ஜீப்பின் ஏழு துளை கிரில், லெகோவின் குட்டி மனித உருவம் எல்லாம் அப்படித்தான். அதே லெகோவின் செங்கல் வடிவத்துக்கு ஐரோப்பாவில் டிரேட்மார்க் நிற்கவில்லை, அது அழகுக்கான வடிவமல்ல, வேலை செய்வதற்கான வடிவம் என்று நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது.

டிசைன் பதிவைப் பொறுத்தவரை ஓவியருக்கு ஓரளவு நிம்மதி உண்டு. அது பெரும்பாலும் பொருளையே நகல் செய்து தயாரிப்பவரைத் தடுப்பதற்காக வந்தது. நாற்காலியின் ஓவியத்தில் யாரும் உட்கார முடியாது. ஆனால் ஐரோப்பாவில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2011இல், ஐசிஇ ரயிலின் படத்தை ஒரு நிறுவனம் தன் விளம்பர ஏட்டில் போட்டதே டிசைன் உரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. தட்டையான படம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இந்தியச் சட்டத்தில் ஒரு சுவையான விதி இருக்கிறது. டிசைனாகப் பதியத் தகுந்த ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால் அந்த டிசைனுக்கான பதிப்புரிமை முடிந்துவிடும். வேறு நாடுகளில் கதை வேறு. இத்தாலியில் டூரின் நீதிமன்றம் 2017இல் வெஸ்பா ஸ்கூட்டரின் வடிவத்தையே பதிப்புரிமை உள்ள படைப்பாக ஏற்றது. அமெரிக்காவில் சாதாரணக் காருக்கு அப்படி இல்லை, ஆனால் பேட்மேன் ஓட்டும் பேட்மொபைல் கார் ஒரு கதாபாத்திரம்போல, அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று 2015இல் தீர்ப்பு வந்தது. பொம்மை, கார்ட்டூன் உருவம், துணியின் பூ வேலைப்பாடு போன்றவற்றை வரைகிறீர்கள் என்றால் பதிப்புரிமைதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். டைப்ரைட்டரும் பம்பு செட்டும் வரைபவர்களுக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

யாருடைய போட்டோ அது?

கம்பெனியைப் பற்றியே பயந்துகொண்டிருக்கும் ஓவியர்கள் போட்டோகிராபரை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன்.

இரட்டை லென்ஸ் வைத்த ஒரு பழைய கேமரா. இணையத்தில் கிடைத்த போட்டோவைப் பார்த்து வரைந்தேன். இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம், தோல் வார் மேசைமேல் சுருண்டு கிடக்கும். கேமரா கம்பெனி எழுதவில்லை. போட்டோ எடுத்தவர் எழுதினார். வார் சுருண்டிருந்த விதம், மேல் லென்ஸில் ஜன்னல் பிரதிபலித்த இடம், நிழலின் நீளம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார். என்னிடம் பதில் இல்லை. கேமராவின் வடிவம் அவருடையதல்ல. ஆனால் அந்தக் கோணம், அந்த வெளிச்சம், வாரை அப்படிப் போட்டு வைத்த முடிவு அவருடையது. பிரிண்ட்களை நிறுத்தினேன், விற்றவற்றின் லாபத்தில் பங்கு கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன்.

வார்ஹாலின் பெயர் இங்கே மறுபடியும் வருகிறது. லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் போட்டோவை, ஒரே ஒரு முறை பயன்படுத்த 400 டாலருக்கு 1984இல் ஒரு பத்திரிகை வாங்கியது. வார்ஹால் அதை வைத்து 16 படைப்புகள் செய்தார். அவற்றில் ஒன்றை 2016இல் வார்ஹால் அறக்கட்டளை பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்தது நியாயமான பயன்பாடு (அனுமதி கேட்காமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) ஆகாது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. வார்ஹாலின் கைபட்டதுகூடத் தப்பவில்லை.

"முப்பது சதவீதம் மாற்றினால் போதும்" என்று ஓவியர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. நம்பாதீர்கள்.

இப்போது நான் பொருளை நேரில் பார்த்து வரைகிறேன், அல்லது நானே போட்டோ எடுக்கிறேன். முடியாதபோது நண்பர் எடுத்த படத்தைக் கேட்டு, ஓவியம் வரையவும் அதை விற்கவும் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். இலவசப் படங்களில் உரிமத்தை வரி விடாமல் படியுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று இருந்தால் அதைப் பார்த்து வரைந்ததை விற்பதும் சிக்கல்தான்.

விற்கும்போது எழுதும் வார்த்தைகள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் பலர் விழுவது இங்கேதான். வரைந்த பொருளின் பெயரை உண்மையாகச் சொல்வதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. இந்தியாவின் 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நேர்மையான நடைமுறைக்கு உட்பட்டு, ஒரு பொருள் இன்னாருடையது என்று குறிக்க முத்திரையைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 ஒழுங்குமுறையும் கலை வெளிப்பாட்டுக்கான பயன்பாட்டை, நேர்மையான நடைமுறைக்குள் இருக்கும்வரை, நியாயமானதாகவே பார்க்கிறது.

"1960களின் வெஸ்பா ஸ்கூட்டரை வரைந்த வாட்டர்கலர் ஓவியம், ஓவியர் இன்னார்" என்று எழுதலாம். "வெஸ்பா வால் ஆர்ட்" என்று கடைப் பெயர் வைக்கக் கூடாது. அவர்கள் எழுத்துருவில் தலைப்புப் போடக் கூடாது. "அதிகாரபூர்வ" என்ற சொல் கிட்டவே வரக் கூடாது. வரைந்தவர் பெயர் பொருளின் பெயரைவிடப் பெரிதாகத் தெரியட்டும். "கம்பெனிக்கும் எனக்கும் தொடர்பில்லை" என்ற வரியை நான் எப்போதும் சேர்க்கிறேன். அது உதவும், ஆனால் தப்பு செய்த மக்கைக் காப்பாற்றாது.

ஆர்டர் எடுத்து வரைவது

ஒருவர் தன் அப்பா ஓட்டிய பைக்கை வரைந்து தரக் கேட்கிறார். ஒரே அசல், அவர் வீட்டுச் சுவருக்கு. மனம் நிறைந்து வரையுங்கள், இதில் ஆபத்து மிகக் குறைவு. அதே படத்தை ஒரு ஷோரூம் தன் விளம்பரத்துக்குக் கேட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: ஓவியம் மட்டும்தான் கொடுக்கிறேன், அச்சுரிமை தனி, பிராண்ட் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

ஆர்டர் வந்ததும் அச்சடித்து அனுப்பும் தளங்களில் படம் ஏற்றுவதற்கு முன் விதிமுறைகளைப் படியுங்கள். மூன்றாமவர் வழக்குப் போட்டால் தளத்துக்கு வரும் நஷ்டத்தையும் நீங்களே ஈடு செய்வதாக ஒப்புக்கொள்ளும் வரி பெரும்பாலும் அதில் இருக்கும். தளம் உங்கள் படத்தை நீக்கினால், பதிப்புரிமைப் புகாரா டிரேட்மார்க் புகாரா என்று கேளுங்கள். நீக்கியது தவறு என்று தளத்துக்குத் திருப்பி எழுத, அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டம் தரும் எதிர் அறிவிப்பு வழி பதிப்புரிமைக்கு மட்டும்தான். டிரேட்மார்க் புகாருக்குத் தளத்தின் சொந்த விதிதான், அல்லது புகார் கொடுத்தவரிடமே பேச வேண்டும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள். பதில் சொல்லக் கொடுத்த தேதியைக் குறித்துவையுங்கள். அனுப்பியவர் உண்மையில் அந்த உரிமையாளரின் வக்கீல்தானா, பதிவு எண் என்ன, எந்த நாடு, எந்த வகுப்பு, உங்கள் எந்தப் பொருளைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பலர் பயத்தில் கடையையே மூடிவிடுகிறார்கள், குற்றம் சாட்டப்படாத ஓவியங்களையும் சேர்த்து. அது வேண்டாம். சொன்ன பொருளை மட்டும் விற்பனையிலிருந்து எடுங்கள், எத்தனை விற்றது என்ற கணக்கை அழிக்காமல் வையுங்கள், பிறகு வக்கீலைப் பாருங்கள். முந்தைய விற்பனை எல்லாம் தவறு என்று ஒப்புக்கொள்ளும் வாசகத்தில் அவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தையல் மெஷின் விஷயத்தில் என் வக்கீல் ஒரு பக்கக் கடிதம்தான் எழுதினார். மக்கும் டீ-ஷர்ட்டும் நிறுத்தப்பட்டன, விற்ற எண்ணிக்கை இது, மீதியை அழித்தாகிவிட்டது, ஓவியமும் பிரிண்ட்களும் தொடரும். கடைசி வரியை எழுத வேண்டாம் என்று நான்தான் பயந்தேன், அவர்தான் எழுதியே ஆக வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து, விஷயத்தை முடித்துக்கொள்வதாகப் பதில் வந்தது. ஓவியத்தைப் பற்றி அதிலும் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பிரிண்ட் இன்றும் என் கடையில் இருக்கிறது, தங்க எழுத்து வெயிலில் பாதி மங்கியபடியே.